மழைக்குச் சுற்றுநிருபம் இல்லை

மேடையில் வீற்றிருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, கணவர் சோமசேகரத்தை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஞானாம்பிகை அவர்களே, மகள் கீர்த்திகா, இடம் போதாமல் சனசமூக நிலைய வாசலில் நிற்கும் என் ஊர்ச் சனங்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த மார்க்கண்டுவின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் தாளைப் பார்த்துப் பேசினார்கள். எனக்குத் தாள் வேண்டாம். நம் வாய்க்கால் வேலைகளை மேற்பார்த்த ஓவசியர் சோமசேகரம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குள் கிடந்து குத்துகிறது. கதிரையில் இருக்க முடியவில்லை, அதனால் முந்தி எழும்பிவிட்டேன். மன்னியுங்கள்.

எழுபத்துமூன்றாம் ஆண்டு. மாவில்லை, சீனியில்லை, பாணுக்கு வரிசை. அந்த ஆண்டுதான் இருபத்திரண்டு வயதில் இவர் வேலைக்கு வந்தார். அன்றைக்கும் அரசாங்கம் கையை விரித்தது. ஆனாலும் புரட்டாதியில் நம்முடைய வெள்ளவாய்க்காலுக்குள் எட்டு மண்வெட்டிகள் இறங்கின. அதில் ஒன்று என்னுடையது. கரையில் நின்று கட்டளையிட வேண்டிய இந்த மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒன்பதாவது ஆளாக இறங்கினார்! எந்த ஓவசியர் அப்படி இறங்குவார்? சொல்லுங்கள், எவர் இறங்குவார்?

மூன்று வருடங்களுக்கு முன் நாடு வங்குரோத்து என்றார்கள். செலவைக் குறைக்கச் சொல்லிச் சுற்றுநிருபம் வந்தது. வாய்க்கால் துப்புரவாக்கும் நான்கு தொழிலாளர்களை நிறுத்தப்போகிறோம் என்று சபையார் இதே மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஓய்வுபெற்றுப் பல வருடமான ஓவசியர் எழும்பினார்.

"காசில்லை எண்டது எனக்கும் தெரியும். பொன்னாடையை நிப்பாட்டுங்கோ, வரவேற்பு வளைவை நிப்பாட்டுங்கோ, வாகனத்துக்கு அடிக்கிற எண்ணெயை நிப்பாட்டுங்கோ. மண்வெட்டியை நிப்பாட்டாதேங்கோ. அந்த நாலு பேரின்ரை சம்பளத்திலைதான் சந்திக் கடைக்காரனும் சீவிக்கிறான். சனத்தின்ரை கை வெறுமையாக் கிடக்கிற நேரம் பாத்து அரசாங்கமும் கையைப் பொத்தினால் ஊர் எப்பிடி எழும்பும்?"

அப்போது அவருக்கு எதிராக எழும்பியவன் யார்? நான்தான்.

"ஓவசியர், நாட்டிலை சமையல் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. உமக்கு வாய்க்கால் ஒண்டுதான் குறையோ?" என்றேன். சனம் கைதட்டியது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "மார்க்கண்டண்ணை, மழைக்கும் சுற்றுநிருபம் அனுப்பியாச்சோ?"

அதற்கும் சனம் கைதட்டியது. ஆனால் தொழிலாளர்களை நிறுத்திவிட்டார்கள்.

சபையோரே, நான் நாட்டுக்காகப் பேசினேன் என்றா நினைக்கிறீர்கள்? வேலிக்காகப் பேசினேன்! வாய்க்காலுக்குள் மண்வெட்டி இறங்காவிட்டால் எல்லை பார்க்கவும் ஆள் வராது என்று எனக்குத் தெரியும். அடுத்த ஆவணியில் வேலியைப் புதிதாக அடைத்தபோது என் கதியால் கம்புகளை ஒன்றரை முழம் வாய்க்காலுக்குள் தள்ளி, அரக்கி நட்டேன். வேலி அரக்குவது நம் ஊருக்குப் புதிதா? இங்கே குனிந்துகொண்டிருக்கும் சில தலைகளும் எனக்குத் தெரிகின்றன. அது போகட்டும். இன்றைக்கு என்னுடைய வேலியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒருநாள் ஓவசியர் தனியாளாக மண்வெட்டியோடு வந்தார். வேலியைப் பார்த்தார்.

"அண்ணை, கிளுவைக் கதியால் நல்லாத் தளிர்த்திருக்கு."

"ஓம், நிலத்திலை ஈரம் இருக்குதெல்லோ" என்றேன்.

"ஈரம் இருக்கிற இடமாப் பாத்துத்தானே நட்டிருக்கிறியள்!"

அவ்வளவுதான். குனிந்து புல்லைச் செருக்கத் தொடங்கிவிட்டார்.

போன கார்த்திகை மழை உங்களுக்கு மறந்திருக்காது. வாய்க்கால் முழுக்கப் பற்றை. வந்த வெள்ளம் என் வேலியில் முட்டித் திரும்பியது. அயலவர் அருட்பிரகாசத்தின் வெங்காயத் தறையில் பயிர் அழுகியது. ஓவசியரின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், குடிக்கிற கிணற்றுக்குள் சேற்று வெள்ளம். ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். சமைத்த சாப்பாடு வந்தது, உலர் உணவுப் பொதி வந்தது, வெள்ளம் வடியப் பாதையை வெட்டிவிடப் பெக்கோ இயந்திரம் வந்தது. நான்கு மண்வெட்டிக்கு இல்லாத காசு பெக்கோவுக்கு எங்கிருந்து வந்தது? யாராவது கேட்டோமா?

பள்ளிக்கூட விறாந்தையில் அவருக்குப் பக்கத்தில்தான் எனக்கும் பாய். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவரே மெல்லக் கதைத்தார்.

"அண்ணை, வேலியை நான் சொல்லி நீங்கள் எடுத்தால் அது சண்டை. நீங்களா எடுத்தால் அது வேலை. அடுத்த மழை வாற மட்டும் பொறுக்கிறன்."

அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஞானாம்பிகைக்கும் சொல்லவில்லை என்பது இந்தப் பிள்ளை இப்போது என்னைப் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது. நானோ சித்திரையில் எடுப்போம் என்றேன், ஆனியில் எடுப்போம் என்றேன். ஓவசியர் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலி நிற்கிறது!

தவிசாளர் ஐயா, நாடு எழும்பிவிட்டது என்று வானொலி சொல்கிறது. இன்னும் சிக்கனம் தேவை என்றும் அதே வானொலிதான் சொல்கிறது. நான் படித்தவனல்ல. ஆனால் எண்பத்திரண்டு வருட மழையைப் பார்த்தவன். தாங்கள் வெட்டிய செலவு மறைந்து போகவில்லை. ஞானாம்பிகையின் கிணற்றுக்குள் போனது, அருட்பிரகாசத்தின் தறைக்குள் போனது. அந்த நான்கு பேரும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். நேற்றுப் பின்னேரம் தெற்கே மின்னியதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். ஐப்பசிக்கு எத்தனை நாள் இருக்கிறது?

ஓவசியருக்குச் சிலை வைப்போம் என்று சற்று முன் ஒருவர் சொன்னார். வேண்டாம்! அந்தக் காசுக்கும் மண்வெட்டி வாங்குங்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு என் கதியால்களை என் கையாலேயே பிடுங்குவேன். தலை குனிந்திருப்பவர்கள் தங்கள் தங்கள் வேலிக்கு வரலாம். தவிசாளர் ஐயா மாலையோடு வரவேண்டாம், அந்த நான்கு பேரையும் அனுப்பினால் போதும். அனுப்பாவிட்டாலும் வாய்க்காலுக்குள் ஒரு கிழவன் நிற்பான்.

ஞானாம்பிகை, ஓவசியரின்ரை மண்வெட்டியை எடுத்து வெளியிலை வையும், பிள்ளை. காலமை வாறன்.