முன்கையின் உள்பக்கம்

நம் வழக்கப்படி, விருந்தாளிக்கு டீயை அரைக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும், தம்பி. விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். உங்கள் அம்மா சொல்லியிருப்பார்களே. இந்த விசாரணை அறையிலிருந்து நான் எங்கே கிளம்புவது? பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் தோலெகெனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'வேண்டாம்' என்ற ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. பசித்தாலும் வேண்டாம், வயிறு நிறைந்தாலும் வேண்டாம். அதனால் அந்தச் சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவருக்கு இன்னொரு வீடு உண்டு. இளையவள் மெருயெர்ட் அங்கே இருக்கிறாள். முல்லா ஓதி வைத்த திருமணம்தான், ஊருக்கே தெரியும். விருந்துகளில் மூத்தவள் என்று எனக்குத்தான் மேலிடம் கொடுப்பார்கள். மரியாதை என் வீட்டில் இருந்தது, மனிதர் அவள் வீட்டில் இருந்தார். ஆனால் படுத்துவிட்ட பிறகு ஆஸ்பத்திரி வண்டி நேராக என் வாசலுக்குத்தான் வந்தது.

மெருயெர்ட் ஒரு நாள் மாவை உருட்டிப் பவுர்சாக் பொரித்து எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள்.

"அவரு கையாலயே சாப்பிடற அளவுக்கு ஆகட்டும்க்கா. அப்புறம் நான் கூட்டிட்டுப் போய் வச்சுக்கறேன்."

"ஏன், இப்பவே கூட்டிட்டுப் போயேன்."

"எனக்கு ரெண்டு பொடிசுங்க இருக்கு. மூணாவதா ஒருத்தருக்கு வேற ஊட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

அவளுக்குக் கிண்ணம் நிறைய டீ ஊற்றினேன். புரிந்துகொண்டு எழுந்துவிட்டாள். அவள் போன பிறகும் அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எனக்காக நான் கண்டதே இல்லை. வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கைப்பயிற்சி கற்றுத்தரும் பெண் தினா அடுத்த வாரம் நரம்பைத் தூண்டும் கருவியைக் கொண்டுவந்தாள். முன்கையின் வெளிப்பக்கம் கருவியின் கம்பி செருகிய இரண்டு வில்லைகளை ஒட்டி, கரண்ட்டை மெல்ல ஏற்றினாள். மடங்கிக் கிடந்த விரல்கள் விரிந்தன. நல்ல பெண், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"தினமும் இப்படிச் செஞ்சா வசந்தத்துக்குள்ள கிண்ணத்தைத் தூக்கிடுவாரு, பெரியம்மா. ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. உள்பக்கம் ஒட்டிடக் கூடாது. கை இறுகிப் போயிடும்."

நான் மறக்கவில்லை. உள்பக்கம்தான் ஒட்டினேன்.

ஒரு நாளும் தவறவிட்டதில்லை. விரல்களைப் பிரித்து, நடுவில் என் கையை வைத்துவிட்டுக் கரண்ட்டை ஏற்றுவேன். அவர் விரல்கள் என் கையை இறுகப் பற்றிக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிப் பிடித்ததில்லை. கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் இன்னும் இறுக்கமாகப் பிடிப்பார். அவர் கண்ணில் நீர் வரும். என் கண்ணிலும் வரும்.

முதலில் இடது கையால் வில்லைகளைப் பிய்த்துப் போட்டார். அந்தக் கையைக் கட்டில் காலோடு என் சால்வையால் கட்டினேன். கம்பளிச் சால்வை, உறுத்தாது. 'வேண்டாம், வேண்டாம்' என்பார். அந்தச் சொல்லைப் பற்றி முன்பே சொன்னேன்.

மெருயெர்ட் வருவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு வேறு இடத்தில் மறு கல்யாணம் பேசி முடிக்கிறார்கள் என்று கேள்வி. நான் அவருக்குக் கறியைப் பொடியாக நறுக்கி ஊட்டினேன், நகத்தை வெட்டினேன், தாடியை மழித்தேன். ஒரு மனைவி வேறென்ன செய்ய வேண்டும்?

தினா முன்தகவல் சொல்லாமல் வந்த நாளில் எல்லாம் தெரிந்துபோயிற்று. சட்டைக் கையை மேலே ஏற்றி, உள்பக்கத்தில் வெந்துபோன தோலைப் பார்த்தாள். உள்ளங்கையில் நகங்கள் புதைந்த புண்ணையும் பார்த்தாள்.

"தெரியாம ஒட்டிட்டேன்னு சொல்லிடுங்க பெரியம்மா," என்று அழுதாள்.

தெரிந்துதான் ஒட்டினேன். அவர் கை குணமாகிவிடக் கூடாது என்றுதான் ஒட்டினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இனி அந்த விரல்கள் விரியாது என்று டாக்டர் சொல்கிறார். சொல்லட்டும். நேற்று என்னை அழைத்துப் போக நீங்கள் வந்தபோது, நீங்களே பார்த்தீர்கள் அல்லவா? கருவி இல்லை, கரண்ட் இல்லை. ஆனாலும் அவர் என் கையை விடவில்லை. இரண்டு காவலர்கள் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. பிடிக்காத மனைவியை ஒருவர் அப்படிப் பிடித்துக்கொள்வாரா, தம்பி?