நடந்து குறைத்த உடம்பு

ஹலோ... ஹலோ, நான்தாண்டி, அக்கா. உன் வீட்டுக்காரர் இப்பதான் சொன்னார். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாமே?...

சரி... சரி சரி... ஷூ கடிச்ச கொப்புளமா? ஒரு மாசமாவா ஆறல?... சுகர் எவ்வளவு?... நானூறா! மாத்திர போடறியா இல்லையா நீ?...

யாரக் கேட்டு நிறுத்தின?...

ஆமா. ஆமா... நடந்தே உடம்பக் குறைச்சேன், மாத்திரையும் நிறுத்திட்டேன்னு சொன்னேன்தான். சுகர் ரிப்போர்ட்ட படம் புடிச்சு அனுப்பினேன்தான்...

டாக்டர்கிட்ட என்ன சொன்ன?... மாத்திர போட மறந்துட்டேன்னா? என்னைக் காட்டிக் குடுக்கவே இல்லையா?...

ஐயோ, நிறுத்துடி! எனக்கு வைராக்கியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நான் நடந்து குறைக்கல... விளையாடலடி. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். உள்ள இரைப்பைய வெட்டிச் சின்னதாக்கிட்டாங்க.

...

எப்பவா?... போன வருஷம்தான். ஆபீஸ்ல டிரெய்னிங்னு பத்து நாள் போனேனே, அப்பத்தான்... உன் வீட்டுக்கு வந்தப்போ பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுத்தான் துணி மாத்தினேன், ஞாபகம் இருக்கா? தழும்பு தெரிஞ்சிடுமேன்னு...

எடை இறங்கறதுக்கு முன்னாடியே சுகர் இறங்கிடுச்சுடி. டாக்டரே பாத்துப் பாத்துதான் மாத்திரைய நிறுத்தினார். உடம்புக்குள்ள அழற்சி, வீக்கம் மாதிரி, இருந்துச்சாம், ரத்த டெஸ்ட்ல அத அளக்கிற நம்பரும் போகப் போகப் பாதியாயிடுச்சு. என் முட்டி வலி போனதுக்கு அதுவும் ஒரு காரணமாம். நடக்க முடிஞ்சதே அப்புறம்தான்...

ஏன் சொல்லலையா?... எல்லாரும் ‘அடேங்கப்பா, எப்படிக் குறைச்ச’ன்னு கேட்டாங்க. அந்தப் பேச்சு இனிச்சுதுடி. வேறென்ன சொல்ல... நீ முட்டி வலியோட விடியக்காலம் நடக்கிறேன்னு சொன்னப்பவாவது வாயத் திறந்திருக்கணும். பாவி நான், கேட்டுக்கிட்டே இருந்தேன்...

திட்டு. நல்லா திட்டு...

யாரு? பக்கத்துக் கட்டில்லயா?... அவங்களும் மாத்திரைய நிறுத்திட்டாங்களா? நீ என் கதையச் சொல்லியா?...

இல்லடி, நீயே அவங்ககிட்ட உண்மையச் சொல்லிடேன். எனக்கு எப்படி... வேண்டாம், போன அவங்ககிட்ட குடுக்காத, இரு இ—

ஹலோ... ஆமாங்க. நடந்தே முப்பது கிலோ குறைச்ச அக்கா... நான்தாங்க.

இல்லங்க... டிப்ஸ் எல்லாம் ஒண்ணும் இல்லங்க. என் தங்கச்சி சொன்னது... நான் அவகிட்ட சொன்ன பொய்ங்க. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ. டாக்டரக் கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க, இன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க...

ஆமாங்க, வெக்கமாத்தான் இருக்கு...

என் தங்கச்சி அழறாளா?... அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாளா?... போன அவ காதுகிட்ட வைங்களேன். ஒரே நிமிஷம்...

அம்மாடி, நான் கிளம்பி வரேன். இன்னிக்கே வரேன். டாக்டர்கிட்ட நானே சொல்றேன், கேக்குதா?... ஹலோ?... ஹலோ...