மாடிப்படியில் மினுங்கிய பெட்டி

மேலே பெயரும் வயதும் விலாசமும் குறிக்கப்பட்டுள்ள நான், மேற்படி கட்டடத்தின் மூன்றாம் மாடியில் என் கணவருடன் குடியிருக்கிறேன். பள்ளியில் கணினி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். என் கணவருக்கு நுரையீரல் நோய் முற்றிவிட்டதால் ஆக்சிஜன் இயந்திரத்தின் துணையோடுதான் மூச்சு விடுகிறார். அடிக்கடி மின்சாரம் போவதால் ஒரு லித்தியம் பேட்டரித் தொகுப்பு வாங்கி அந்த இயந்திரத்துக்கு இணைத்தேன். ஆக்சிஜன் புழங்கும் அறையில் அதை வைக்கக்கூடாது என்பதால், வாசலை ஒட்டி மாடிப்படி ஓரம் உள்ள எங்கள் அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் பயன்படும் சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்றைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு அதில் பொருத்தி, சார்ஜ் எவ்வளவு மீதம், எந்த செல் வரிசை சூடாகிறது என்பதெல்லாம் ப்ளூடூத் மூலம் என் கைப்பேசிக்கு வரும்படி செய்தேன். அந்தப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அது என்னவென்று கேட்டபோது திறந்து காட்டி விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார். இன்று காலை வெடிகுண்டு என்று தகவல் கொடுத்ததும் அவரே என்று பிறகு அறிந்தேன்.

காவலர்கள் வந்து, நான் சொல்லச் சொல்லக் கேளாமல், கட்டடத்தின் மெயினை அணைத்தார்கள். இயந்திரம் பேட்டரிக்கு மாறியது. லிஃப்டும் நின்றது. அதன் பிறகு உதவி ஆய்வாளர் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

"நம்பர் இறங்கிக்கிட்டே வருதே, சைபர் ஆனா என்னம்மா ஆகும்?" என்றார்.

"என் வீட்டுக்காரருக்கு மூச்சு நின்னுரும் சார்" என்றேன்.

மெயினைப் போட்டால் நம்பர் ஏறும் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதற்குள் செயலாளரும் ஒரு காவலரும் அலமாரிக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, இயந்திரத்துக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். அதன் பிறகு என் கணவரைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினோம். நாற்காலியின் ஒரு கால் என் கையில் இருந்தது. அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. செயலாளர் ஒதுங்கி நின்று வழி விட்டார்.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் கொடுத்தபின் அவர் கண் திறந்ததாகவும், இப்போது பேசுவதாகவும் உடன் சென்ற என் நாத்தனார் இக்காவல் நிலையத்துக்குப் போன் செய்து சொன்னார். விசாரணை முடியாமல் போகக்கூடாது என்று காவலர்கள் சொன்னதால் நான் இன்னும் என் கணவரைப் பார்க்கவில்லை.

கைப்பற்றிய பேட்டரிப் பெட்டி இந்நிலையத்தில் பக்கத்து அறையில் இருக்கிறது. நனைந்த பேட்டரியைக் கட்டடத்துக்குள் வைக்கக்கூடாது என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். சற்றுமுன் என்னிடம் திருப்பிக் கொடுத்த கைப்பேசி தானாக அந்தப் பலகையோடு இணைந்துகொண்டது. ஒரு வரிசை செல்களின் சூடு ஏறிக்கொண்டே போகிறது. அதை இவ்வாக்குமூலம் எழுதும் காவலரிடம் இப்போது காட்டுகிறேன்.

பெட்டி வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே புகைந்து, தீப்பிடித்து, எரிந்து அடங்கிய பிறகு, மேலே கண்டவை சாலையோரத்தில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு, ஜீப்பின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)