பட்டியலில் விட்டுப்போன பெயர்

பேரன்பும் பெருந்தகைமையும் ஒருங்கே பெற்று இந்த மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் உப்பளம் அமைதி மன்றத் தலைவர் ஐயா செம்மல் அவர்களே. கணீர்க் குரலில் வரவேற்புரை வழங்கிய செயலாளர் அம்மையார் தீபலட்சுமி அவர்களே. பஞ்சாலைச் சங்கு ஊதிய காலத்தில் என்னோடு ஓடி வந்து, இன்று நரைத்த தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே. குருசுக்குப்பத்திலிருந்து மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. மேட்டுப்பாளையத்தில் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே. என் குரலை ஊர்க்குரலாக்கித் தரும் ஒலிபெருக்கித் தம்பி வேம்பு அவர்களே. அனைவருக்கும் உங்கள் மதிவாணனின் பணிவான மாலை வணக்கம்.

கையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். நாற்பது ஆண்டு மேடை ஏறியவன் தாளைப் பார்த்துப் பெயர் சொல்கிறானே என்று முன்வரிசையில் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். எனக்குப் பயம். ஒரே ஒரு பெயர் விட்டுப்போனதற்காக இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தூக்கம் தொலைத்தவன் நான்.

தலைவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. "யாருப்பா வரணும்?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். சொல்கிறேன் ஐயா. அதைச் சொல்லத்தான் இந்த விருதையே வாங்க ஒப்புக்கொண்டேன்.

அமைதிக் காவலர் விருது. கேடயம் கனமாக இருக்கிறது, பொன்னாடை பளபளக்கிறது. எதற்காகத் தந்தீர்கள்? ஒரு பேச்சுக்காக. உலகத்தில் எத்தனையோ பேச்சுகள் புகழ் பெற்றிருக்கின்றன. எத்தனையோ விருதுகள் எத்தனையோ கழுத்துகளை அலங்கரித்திருக்கின்றன. பேசியவன் பெயர் கல்லில் இருக்கிறது, பேசவைத்தவன் பெயர் எங்கே இருக்கிறது? மாலை விழுந்த கழுத்தைப் பார்த்தோம், அந்தக் கழுத்துக்குப் பின்னால் நின்ற முகத்தை யாராவது பார்த்தோமா? நானே பார்க்கவில்லை, தோழர்களே.

அந்த நாள் இங்கே பலருக்கு நினைவிருக்கும். விடிந்து வேலைக்குப் போனால் ஆலைக் கதவில் பூட்டு. கேட்கப் போனவர்களுக்குப் பதில் இல்லை. பத்து மணிக்கெல்லாம் நம் பக்கம் எண்ணூறு பேர், கைக்கு ஒரு கல். எதிர்ப்பக்கம் சிவப்புத் தொப்பி போட்ட காவலர்கள், கைக்கு ஒரு தடி. ஒரு கல் பறந்திருந்தால் போதும். எத்தனை வீட்டில் இழவு விழுந்திருக்குமோ.

என்னைத் தூக்கி ஒரு டெம்போ மேல் ஏற்றினார்கள். பேசு என்றார்கள். பேசினேன். எரிகிற தீயில் இன்னும் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி பேசினேன். அடுக்குமொழி அருவியாய்க் கொட்டியது. கூட்டம் கொதித்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் வேட்டியை இழுத்தது. இழுத்து, ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தது.

அந்தக் கை ஷஹாபுதீனின் கை. தறி ரிப்பேர் பார்ப்பவன். ஆலையின் தறிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இடம். நான் எங்கே பேசினாலும் எனக்குப் பின்னால்தான் உட்காருவான். சட்டைப் பையில் துண்டு துண்டாகக் காகிதம் வைத்திருப்பான். "தொண்டை கட்டுது, தண்ணி குடி" என்று ஒரு சீட்டு வரும். "போதும், ஜனம் கொட்டாவி விடுது" என்று ஒரு சீட்டு வரும். அன்றைக்கு வந்த சீட்டில் என்ன இருந்தது தெரியுமா? "நியாயத்தைக் கல்லால கேட்டா, நாளைக்கு எல்லாரும் கல்லைப் பத்திதான் பேசுவானுங்க. நியாயத்தை எவனும் பேச மாட்டான். கையைக் காலியா வெச்சுக்கச் சொல்லுடா."

உங்களில் பலர் இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறீர்களே, "வெறுங்கையோடு நிற்போம்" என்ற அந்தப் பேச்சு, அது இந்தச் சீட்டுதான். எழுதியது அவன். நான் வாசித்தேன். அவ்வளவுதான் என் பெருமை.

சொன்னேன். கூட்டம் ஒரு நொடி திகைத்தது. முன்வரிசையில் யாரோ ஒருவர் கல்லைக் கீழே போட்டார். அது விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் நாலு, அப்புறம் நாற்பது, அப்புறம் எண்ணூறு. வெறுங்கையோடு நின்றோம், வெயிலில் நின்றோம், பதினோரு நாள் நின்றோம். பன்னிரண்டாம் நாள் கதவு திறந்தது. தடியடி இல்லை, கைது இல்லை. சில ஆண்டுகளில் ஆலை மூடித்தான் போனது, அது வேறு கதை. ஆனால் அன்றைக்கு நம்மில் ஒருவர்கூடச் சாகவில்லை.

கதவு திறந்த அந்த வாரம், இதே மைதானத்தில் பாராட்டுக் கூட்டம். இப்போது விளித்தேனே, அதே போல வரிசையாக விளித்தேன். பத்தொன்பது பெயர். பந்தல் போட்டவர் பெயர்கூடச் சொன்னேன். ஷஹாபுதீன் பெயரைச் சொல்லவில்லை.

மறந்தா போனேன்? இல்லை அம்மா. மறந்திருந்தால்கூட மன்னிப்பு உண்டு. "நம்ம ஆளுதானே" என்று விட்டேன். வீட்டில் சாப்பிட்டு எழுந்து சம்சாரத்துக்கு நன்றியா சொல்கிறோம்? சொல்லணும் என்கிறார் குருசுக்குப்பம் கன்னியம்மாள். சரிதான் அம்மா, இந்த வயசில் கற்றுக்கொள்கிறேன். எனக்கு அவன் அப்படித்தான். ஆனால் அவனுக்கு? வெளியூர்க் கலவரச் செய்திகளைக் கேட்டுக் கேட்டு ஊரிலே மனசுகள் கொஞ்சம் விலகி நின்ற நேரம் அது. மேடையில் இருபது பேர். விட்டுப்போன ஒரே பெயர், அங்கே இருந்த ஒரே முஸ்லிம் பெயர். கீழே அவன் தெருக்காரர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவன் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்? அதை நான் யோசிக்கவே இல்லை.

பேசிக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டியது, சீட்டு வரவில்லை. ஜனம் கொட்டாவி விட்டது, சீட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், ஆளில்லை. இருபத்திரண்டு ஆண்டாக ஆளில்லை. எத்தனை கூட்டம் பேசியிருப்பேன்! ஒவ்வொன்றிலும் நடுவில் ஒருமுறை இந்தக் கை தானாகப் பின்னால் போகும். காற்றுதான் கைக்கு வரும். அந்தக் கிறுக்கல் எழுத்துக்கு ஏங்கிக் கிடக்கிறேன் நான்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். முல்லா வீதி. அவன் மகள் ரமீஜா கதவைத் திறந்தாள். என் மடியில் உட்கார்ந்து விளையாடிய பிள்ளை. "பெரியப்பா, அத்தா உள்ளதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "மேடையில போனத வீட்டுல வந்து குடுத்தா எப்படிடா வாங்குறது?" திரும்பிவிட்டேன். அவன் கேட்டது நியாயம்.

அதனால்தான் அந்த நாற்காலி. அதனால்தான் தம்பி வேம்புவிடம் கெஞ்சி, ஒரு ஒலிபெருக்கிக் குழாயை முல்லா வீதிப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். கேட்கிறானோ, ஜன்னலைச் சாத்திக்கொண்டானோ, எனக்குத் தெரியாது. எங்களுக்குள் வாடா போடாதான். ஆனாலும் இன்று ஊரறிய, உலகறிய, ஒலிபெருக்கி அறியச் சொல்கிறேன். இந்த விருதுக்கு உரியவரும், அந்தப் பேச்சுக்கு உயிரானவரும், என் நண்பருமான ஷஹாபுதீன் அவர்களே, முதலில் சொல்லியிருக்க வேண்டிய உங்கள் பெயரை இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.

கொஞ்சம் பொறுங்கள். யாரோ படியேறி வருகிறார்கள். நம்ம ரமீஜா. என்னம்மா? சீட்டா? தலைவர் நேரமாகிவிட்டது என்று அனுப்பியிருப்பார்... இல்லை. தலைவர் கையெழுத்து இல்லை இது.

கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, ஆனால் அதே கிறுக்கல். படிக்கிறேன். "அன்னிக்கு மொதக் கல்லைக் கீழ போட்டவன் அம்மாவாசை. யாரோ ஒருத்தராமே? இன்னிக்கும் ஒரு பேர விட்டுட்டே. சொல்லிட்டு, தண்ணி குடிச்சிட்டு எறங்கு. கீழ நிக்கிறேன். படியேற முட்டி விடாது."

அம்மாவாசை. அண்ணே, நாலாவது வரிசையில்தானே இருக்கிறீர்கள்? இத்தனை வருஷத்தில் நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. எழுந்திருங்கள் அண்ணே. மேலே வாருங்கள். அந்த நாற்காலிக்காரருக்கு முட்டி விடாதாம். அதில் நீங்கள் உட்காருங்கள். கூச்சப்படாதீர்கள், வழி விடுங்கப்பா அவருக்கு. முதல் கல்லைக் கீழே போட்ட அண்ணன் அம்மாவாசை அவர்களே, உங்களுக்கும் என் வணக்கம்.

பொன்னாடையையும் கேடயத்தையும் கையோடு எடுத்துக்கொள்கிறேன், கீழே கொடுக்க ஆள் நிற்கிறது. இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. இதோ, தண்ணீர் குடித்துவிட்டேன். இறங்குகிறேன். வணக்கம்.