ரெண்டே ஸ்க்ரூவில் நின்ற கைப்பிடி

…அதெப்படிங்க, ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி ட்ரில் மெஷின்ல நுழையவே நுழையாதாம்! ரெண்டுமே பேட்டரிதானே? ரெண்டுமே கறுப்புதானே? நானும் திருப்பிப் போட்டேன், கவுத்துப் போட்டேன், தட்டிப் பாத்தேன்… ம்ஹூம். கடைக்காரர் சொல்றார், "அம்மா, இது செருப்பில்ல, அழுத்தினா நுழையறதுக்கு"ன்னு. செருப்பும் அழுத்தினா நுழையாதுங்க! இருபது வருஷமா செருப்புக்கடையில நிக்கறவகிட்டயா சொல்றது?

இந்த பஸ்ல கால் வெக்கவே எடமில்ல, பைய உங்க காலுக்குப் பக்கத்துல வெச்சுக்கறேன், கனம்… ஐயோ, நீங்க நகர வேணாம், உக்காருங்க.

மொதல்ல வாங்கினது ஒரு குட்டி ட்ரில்லுங்க. ஏன் வாங்கினேன்? பச்சைக் கலர். கைக்கு அடக்கமா வேற இருந்துச்சு. மரத்துல ஸ்க்ரூ முடுக்க நல்லதுதான். நான் துளை போடப் போனது பாத்ரூம் சுவர்! டைல்ஸ், அதுக்குப் பின்னாடி கான்கிரீட். கிர்ர்ருன்னு கத்துச்சு, கத்துச்சு… எடுத்துப் பாத்தா கொசு கடிச்ச மாதிரி ஒரு புள்ளி. சரின்னு பெருசா ஒண்ணு வாங்கினேன், தள்ளுபடியில. வேற கம்பெனி. வீட்டுக்கு வந்து பிரிச்சா பேட்டரியே இல்ல, வெறும் மெஷின்! தள்ளுபடி எதுக்குன்னு அப்பதான் ஒறைச்சுது.

எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னுதானே பாக்கறீங்க? வீட்டுக்காரருக்கு இடுப்புல ஆபரேஷன். பாத்ரூம்ல பிடிச்சு நிக்க சுவத்துல கைப்பிடி மாட்டணும்னு டாக்டர் சொல்லிட்டார். அவரு தங்கச்சி, என் நாத்தனார், எலக்ட்ரீஷியன். ஆமாங்க, பொம்பளைதான். ஏணி மேல நின்னுகிட்டே டீ குடிப்பா. "அண்ணி, ஞாயித்துக்கிழம வந்து அஞ்சே நிமிஷத்துல மாட்டிடறேன்"னா. நான் விட்டேனா? "என் புருஷனுக்கு நான் மாட்டிக்குவேன்"னு வீராப்பு! எப்பப் பாரு அவரும், "என் தங்கச்சி கைபட்டா வேலை கச்சிதம்"னு… எனக்கும் எரியாதா?

அதுக்கும் அவ கோவிச்சுக்கல. தான் வேலைக்கு எடுத்துட்டுப் போற பெரிய ட்ரில்ல அப்படியே குடுத்துட்டா. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னா, "அண்ணி, வேகம் கொறைஞ்சா நிறுத்திடுங்க, பேட்டரி செத்துப் போற வரைக்கும் ஓட்டாதீங்க. சூடா இருந்தா உடனே சார்ஜ்ல சொருகாதீங்க, ஆறட்டும். இனிமே மெஷின் வாங்கினா எல்லாம் ஒரே கம்பெனியா வாங்குங்க, ஒரு பேட்டரி எல்லாத்துக்கும் ஆகும்." நான் "சரி, சரி"ன்னேன். எங்க கடைக்கு வர்றவங்ககிட்ட, "ஈரமான ஷூவ வெயில்ல காய வெக்காதீங்க"ன்னு நான் சொன்னா, அவங்களும் இப்படித்தான் "சரி, சரி"ம்பாங்க.

நாலு துளையும் போட்டாச்சு, ரெண்டு ஸ்க்ரூவும் ஏறிடுச்சுங்க. மூணாவதுக்கு மெஷின் மொனக ஆரம்பிச்சுது. விடுவேனா? அமுக்கறேன், அமுக்கறேன்… நின்னே போச்சு. பேட்டரியத் தொட்டா தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. அப்படியே… சரி, அத விடுங்க. நாலு ஸ்க்ரூ போட வேண்டிய கைப்பிடிக்கு ரெண்டுதான். நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்… சொல்லல. மாட்டியாச்சுன்னு பெருமையா வேற சொல்லிட்டேன்.

காலையில தடால்னு சத்தம். கைப்பிடி அவர் கையில இருக்கு, அவரு தரையில இருக்காரு. இடுப்புக்கு ஒண்ணும் ஆகலீங்க, முழங்கைதான் வீங்கிப் போச்சு. பதறிக்கிட்டு ஓடி வந்தா நாத்தனார். "என்ன அண்ணி ஆச்சு?"ன்னா. என் வாய் சும்மா இருந்துச்சா? "உன் பழைய பேட்டரி பாதியில செத்துடுச்சு, அதான் உங்கண்ணன் விழுந்துட்டாரு"ன்னுட்டேன்.

அவ திட்டியிருந்தாக்கூட நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். நாலு ஸ்க்ரூவையும் கையாலயே முடுக்கி இறுக்கினா, தன் ட்ரில்ல எடுத்துக்கிட்டா, போயிட்டா. பதினொரு நாளாச்சு, அண்ணனப் பாக்கவே வரல. "என்னாலதான் அண்ணன் விழுந்தாரு"ன்னு போன்ல அழுதாளாம். அவரு என்னையே பாத்தாரு. நான் அரிசி களைஞ்சேன்.

பையில இருக்கறது புது பேட்டரிங்க. அவ கம்பெனியேதான், இந்தத் தடவ எழுதி எடுத்துட்டுப் போய் வாங்கினேன். அவ வீட்டுக்குத்தான் போறேன். அவ ஸ்டாப்பா? அது… அது போயிடுச்சு. நீங்க ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஏறினப்புறம் ஒரு தடவ. சுத்தி வர்ற பஸ்தானே, இதோ, அடுத்த ஸ்டாப் மறுபடி அதேதான். ஒவ்வொரு தடவையும் கதவு தொறக்குது, எனக்குக் காலு எழ மாட்டேங்குது.

சிரிக்காதீங்க… இல்ல, சிரிங்க. இன்னொண்ணு சொல்றேன், எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்தப் பேட்டரி பழசெல்லாம் இல்ல, அவ வாங்கி ரெண்டு மாசம்தான். கொதிச்சுதுல்ல? சீக்கிரம் ஆறட்டும்னு அத ஃப்ரீசர்ல வெச்சேன். ஐஸ் டிரே மேல! ராத்திரி முழுக்க! காலையில எடுத்தா வேர்த்து விறுவிறுத்து, மேல தண்ணியா சொட்டுது. தொடச்சு சார்ஜ்ல சொருகினேன். டப்புன்னு ஒரு சத்தம். அவ்ளோதான், ஆயுசு முடிஞ்சுது.

என்ன, பெல் அடிச்சிட்டீங்க? உங்க ஸ்டாப்பா? எனக்காகவா!… ஐயோ, நிக்குதே. ஏங்க, மொதல்ல என்னத்தச் சொல்லட்டும்? ஃப்ரீசரச் சொல்லிடட்டுமா? அவளுக்கு மொதல்ல சிரிப்பு வரும், அப்பறம்தான் கோவம் வரும். ரெண்டுக்கும் நடுவுல கெடைக்கற அந்தச் சந்துல வீட்டுக்குள்ள போயி உக்காந்துடறேன்.

டிரைவர், இருங்க, இருங்க… எறங்கணும்!