தட்டினால் விடுகிற கை

அதட்டாமலே அவையை அடக்கி ஆளும் தலைவர் அவர்களே! முழங்கால் வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் ஆயிரம் வேலையுமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாள்தோறும் கைமுறுக்கிக் களித்துவிட்டு, இன்று மட்டும் கைகட்டி உட்கார்ந்திருக்கும் நம் பயிற்சிக் கூடத்துத் தோழர்களே! தையற்கூடத்தில் துணி வெட்டிப் பிழைக்கும் இந்தக் கைகளின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகுக!

"பூட்டுப்பிடி நடைமுறைக்கு உதவுமா?" இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. மணிக்கட்டை மடக்கி, முழங்கையை முடக்கி, தோளைத் திருப்பி, ஓர் ஆளை ஆடாமல் அசையாமல் நிறுத்தும் அந்தப் பிடி, கூடத்துக்கு வெளியே செல்லுபடியாகுமா?

நம் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டில் அகப்பட்டவர் இரண்டு முறை தட்டினால், பிடித்தவர் அந்தக் கணமே விட வேண்டும். விட்டதும் இருவரும் ஓரடி பின்வாங்கி, முகம் பார்த்துக் கைகூப்ப வேண்டும். இந்த வழக்கத்தை எடுத்துவிடலாம் என்று நம் செயலாளர் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். தெருவில் எதிராளி தட்டினால் நம் கை தன்னை மறந்து விட்டுவிடுமாம். என் பேச்சு முடிந்ததும் வாக்கெடுப்பு.

செயலாளர் சொல்வது பொய்யா? இல்லவே இல்லை. அப்படி விட்ட கை இதோ, இந்த மேடையிலேயே இருக்கிறது! யாரது, பின்னால் சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான்.

உண்மையை மறைத்துப் பேச எனக்கு வராது. வியர்த்த கையில் பூட்டு வழுக்கும். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் பூட்டைத் தேடாதீர்கள், வாசலைத் தேடுங்கள். ஆனால் எங்கள் தையற்கூடத்தில் கத்தரிக்கோலை ஓங்கியவரை இரண்டே நொடியில் தரையில் உட்கார வைத்திருக்கிறேன். எப்படி முடிந்தது? அவருக்கு வலித்தது, உட்கார்ந்தார். வலியே தெரியாத ஒருவரை என்ன செய்வீர்கள்?

என் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். நாங்கள் சந்தித்தது இந்தக் கூடத்தில்தான். கல்யாணத்துக்கு முன்பே என் கையைப் பிடித்தவர். பிடித்ததோடு விட்டாரா, முறுக்கவும் செய்தார்! எட்டு ஆண்டுகள் ஒருவர் கையை ஒருவர் முறுக்கியே பழகினோம்.

சென்ற ஆண்டு அவருக்குக் காய்ச்சல். நான்காம் நாள், பிற்பகல் மூன்று மணி. எங்கள் வீடு மூன்றாம் மாடி. பால்கனியில் துவைத்த வெள்ளை விரிப்புகள் காற்றில் அசைந்தன. அவற்றின் ஊடே வந்த வெயில் அறைக்குள் அலை அலையாய் ஏறியது, இறங்கியது. சுவர் மிதந்தது, கட்டில் மிதந்தது, நாற்காலியில் சாய்ந்திருந்த நானும் மெல்ல மெல்ல மிதந்தேன். கண் செருகிவிட்டது, தாய்மார்களே! மூன்று இரவு விழித்த கண்.

திறந்து பார்த்தால் கட்டில் காலி.

அவர் பால்கனியில் நின்றார். இரண்டு விரிப்புகளை இரு கையாலும் விலக்கி, துணி காயப்போட நான் ஏறி நிற்கும் முக்காலியில் ஒரு காலை ஏற்றியிருந்தார். எதிரே இடுப்பளவுச் சுவர். அதற்கு அப்பால் வெறும் வெளி.

"ஏங்க! எங்க போறீங்க?"

"லிப்ட் வந்துருச்சு. உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டிருக்காங்க. கதவைத் தொறந்துட்டேன், பாரு."

"அது லிப்ட் இல்லீங்க, இறங்குங்க!"

"பயப்படாதீங்கம்மா, இதோ வந்துட்டேன்," என்றார். என்னிடம் அல்ல, கனவுக்குள் தவித்துக்கொண்டிருந்த யாரிடமோ.

பாய்ந்தேன். வலது மணிக்கட்டைப் பற்றினேன், பின்னால் திருப்பினேன், பூட்டினேன். பிசிறில்லாத பூட்டு! அவரோ புன்னகைத்தார். வலி அவரை எட்டவில்லை. இன்னும் திருப்பினால் எலும்பு முறியும். எங்கள் வீட்டுக்குச் சோறு போடும் கையை முறிப்பேனா? முறியாமல் நிறுத்தினால் அவர் என்னையும் இழுத்துக்கொண்டு ஏறிவிடுவார். முறிப்பதா, இழப்பதா? முறிப்பது என்றே முடிவெடுத்தேன். ஆம், என் கணவரின் கையை ஒடிக்கத் துணிந்தேன்!

அந்த நொடியில், அவருடைய இடது கை சுவரில் இரண்டு முறை தட்டியது.

என் கை விட்டுவிட்டது.

நான் விடவில்லை ஐயா, என் கை விட்டது! எட்டு ஆண்டுப் பழக்கம் என்னைக் கேட்கவில்லை. போய்விட்டார், போய்விட்டார் என்று உள்ளே ஒரு குரல் அலறியது.

அவர் போகவில்லை. முக்காலியிலிருந்து காலை இறக்கினார். ஓரடி பின்வாங்கினார். சுவருக்கு முதுகு காட்டித் திரும்பி, பாதி மூடிய கண்களோடு என் முகம் பார்த்துக் கைகூப்பினார்.

அடுத்த கணம் இடுப்போடு கட்டிக்கொண்டு அவரை அறைக்குள் சாய்த்தேன். எந்தப் பாடத்திலும் இல்லாத பிடி அது! பால்கனிக் கதவைத் தாழிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூவி அழைத்தேன். மருத்துவர் வந்தார், மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மணிக்கட்டு வீங்கியிருக்கே, யாரு முறுக்குனது?"

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வாய்விட்டு அழுதேன். "உங்களைப் பிடிச்சிருந்தேங்க. கடைசி நேரத்துல விட்டுட்டேன்."

வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஏதோ ஒரு கை என்னைப் பிடிச்சு இழுத்துச்சு. யாரோ எவரோன்னு நெனச்சேன், உதறிட்டுப் போகத்தான் தோணுச்சு. சும்மா தட்டிப் பாத்தேன், உடனே விட்டுச்சு. அப்பதான் அது உன் கைன்னு தெரிஞ்சுது. அதான் திரும்பினேன்."

அவையோரே! என் பூட்டு அன்று தோற்றது. வலி தோற்றது, வலிமை தோற்றது. போதும் என்றால் விட்டுவிடும் கை ஒன்று இந்த உலகில் உண்டு என்று அவர் உடம்பு அறிந்திருந்தது. காய்ச்சலின் அடியாழத்திலும் அறிந்திருந்தது! செயலாளர் அஞ்சும் ஆபத்து மெய்தான். தெருவில் ஒருநாள் நம்மில் யாரோ ஒருவர் இதனால் அடிபடலாம். அடிபடுவோம்! நம் வீட்டு மனிதர்கள் நம் கையை நம்பட்டும்!

இவ்வளவு நேரம் செவி தந்த பெரியோர்க்கும், அழும் பிள்ளையைத் தட்டிக்கொண்டே கேட்ட தாய்மார்க்கும், மேடையும் பொழுதும் தந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தீர்மானத்துக்கு எதிரான முதல் வாக்கு என்னுடையது. இரண்டாம் வாக்கும் தயார். கணவர் மூன்றாம் வரிசையில் இப்போதே கையைத் தூக்கிவிட்டார். இறக்குங்கள், இன்னும் வாக்குக் கேட்கவில்லை! வணக்கம்.