நீதி பாடத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும்

அலோ... அலோ, எக்ஸ்சேஞ்சா? எவ்வளவு நேரம் லா காத்துக்கிட்டு நிக்கிறது... ஆமா, ஆத்தங்கரை ரப்பர்த் தோட்டத்து ஆபீசு. ஏழாங்கட்டைத் தோட்டத்துலேருந்து, கணக்கு எழுதுற பெரிய கிராணி சதாசிவம் கூப்புடுறேன்னு சொல்லுங்க... ஆங், மணி அடிக்குது, கேக்குது...

அலோ, யாரு, பழனியப்பன் மச்சானா? நாந்தான்... நல்லாருக்கேன், நல்லாருக்கேன். தங்கச்சி சொகமா?... சரி, சரி, அதெல்லாம் ஞாயித்துக்கெழம நேர்ல வாரேன், பேசிக்கலாம். இப்ப தலபோற அவசரம். எனக்கு உடனே ஒரு புள்ள வேணும்...

சிரிக்காத மச்சான். பள்ளிக்கூடத்துக்குத்தான். பத்து மணிக்கு ஈப்போவிலேருந்து இன்ஸ்பெக்டர் தொரை வாராரு. மோட்டார் கார்ல, கூட இன்னும் ரெண்டு தோட்டத்துத் தொரைங்க... எதுக்கா? நீதி பாடத்தப் பாக்கத்தான். எங்க தொரை நீதி பாடத்தக் கட்டாயமாக்குனாருல்ல, அதப் பாத்துட்டு, நல்லாருந்தா எல்லாத் தோட்டத்துக்கும் கட்டாயம்னு எழுதப் போறாங்க...

ஆமா, உன் தோட்டத்துக்குந்தான்... அட, ஏன் மச்சான் வேண்டாங்கிற? கணக்கு படிச்ச புள்ள கங்காணியத்தான் ஏமாத்தும், நீதி படிச்ச புள்ள யாரையும் ஏமாத்தாது... கிராணிங்களுக்கு மொதல்ல வைக்கணுமா? எனக்கு எதுக்கு? நான் நாகப்பட்டணத்துலயே படிச்சு முடிச்சிட்டுத்தான கப்பல் ஏறினேன். நீதி பாடத்துல எங்க வகுப்புக்கே நாந்தான் மொதலு...

சரி, கேளு. நாலு மாசத்துக்கு முன்னாடி உன் தோட்டத்துக்கு மாயாண்டின்னு ஒருத்தன் குடும்பத்தோட வந்தான்ல. அவன் மக இருளாயி. அந்தப் புள்ளதான் வேணும். யார் சைக்கிள்லயாவது ஒக்கார வச்சு அனுப்பிடு. மூணு மைலுதான்...

பள்ளிக்கூடத்துல இல்லையா? பின்ன?... புல்லு வெட்டுதா? பன்னெண்டு வயசுதானே மச்சான் அதுக்கு... சரி, சரி, அது உன் தோட்டத்து வெவகாரம், நான் கேக்கல. ஆள் விட்டுக் கூப்புடு மொதல்ல. நான் லைன்லயே இருக்கேன்...

அனுப்பிட்டியா? நல்லது... இங்க புள்ளைக்கா பஞ்சம்? பத்தொம்பது பேரு குளிச்சு, தலை சீவி, விபூதி பூசி ஒக்காந்திருக்கு. ஆனா ஒரு புள்ளைக்கும் மொத பாடம் தெரியாதே. பொய் சொல்லாம இருக்கணுங்கிற பாடம். இன்ஸ்பெக்டர் அதத்தான் மொதல்ல கேப்பாராம்... எப்படித் தெரியும்? நாந்தான் அத எடுத்துட்டேனே...

எடுத்துட்டேன்னா எடுத்துட்டேன். பன்னெண்டு பாடம் இருந்துச்சு மச்சான். இப்ப மூணுதான் நடக்குது... இல்ல, இல்ல, நானா ஒண்ணும் பண்ணல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சூசா, ஒவ்வொரு தொல்லை குடுத்துச்சு. குடிக்கக் கூடாதுன்னு வாத்தியார் ஒரு பாடம் நடத்தினாரு. சாயங்காலம் பாத்தா பதினஞ்சு புள்ளைங்க கள்ளுக்கடை வாசல்ல நிக்குது. அப்பா வேட்டியப் புடிச்சு இழுக்குது, பக்கத்து லயத்து வீட்டு ஆளு வேட்டியையும் சேத்து இழுக்குது. ஒரு வாரம் கடைக்காரன் ஈ ஓட்டினான். கள்ளுக்கடை யாரோடது? தோட்டத்தோடது. தொரையே கூப்புட்டு, சதாசிவம், இந்தப் பாடம் கொஞ்சம் பெரியவங்களுக்கானதுன்னு நெனைக்கிறேன்னாரு. எடுத்தாச்சு.

அப்புறம் அடுத்தவன் பொருள எடுக்கக் கூடாதுன்னு ஒரு பாடம். மறுநாள் பெரிய கங்காணி வீட்டு முன்னால நாலு புள்ளைங்க போயி, எங்க கோழியக் குடுங்கன்னு நிக்குது... ஆமா, தீவாளிக்கு லயத்துலேருந்து புடிச்ச கோழி. அத அவரு அன்னிக்கே தின்னாச்சு, எங்கேருந்து குடுப்பாரு? அதையும் எடுத்தாச்சு...

இப்பவா? கீழ்ப்படிதல், சுத்தம், நேரந்தவறாம வாரது. மூணும் அருமையான பாடம் மச்சான். விடியக்கால பிரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேரு கூப்புடுற நேரத்துக்கு, ஒரு புள்ள லேட்டு கெடையாது...

பொய்ப் பாடமா? அதுக்கு... அத போன்ல சொல்லணுமா? சரி, சொல்றேன். அந்த இருளாயிக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. நவமணின்னு பேரு, எட்டு வயசு. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் காய்ச்சல்ல போயிடுச்சு... ஆமா, பாவந்தான். யாரு இல்லேங்குறா? ஆனா பேர அடிச்சா பத்தொம்பதாயிடும் மச்சான். இருவது புள்ள இருந்தாத்தான் பள்ளிக்கூடம், இருவது இருந்தாத்தான் வாத்தியாருன்னு தொரை சொல்லிட்டாரு. வாத்தியாருக்கு நாலு புள்ளைங்க. அவரும் நானும் யோசிச்சு, பேரு பாட்டுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டோம். பேரு யார என்ன பண்ணுது?

ஒரு நாள் தொரை திடீர்னு வந்து அவரே பேரு கூப்புடுறாரு. நவமணின்னாரு. இந்த இருளாயி எந்திரிச்சு நின்னு, அது என் தங்கச்சிங்க தொரை, செத்துப் போச்சுங்க, இவங்க பேரு போட்டுக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லுது. காலையிலதான் அந்தப் பாடம் நடந்துச்சாம்... நல்லவேளை தொரைக்கு நம்ம பேச்சு அவ்வளவு வராது. நாந்தானே மொழிபெயர்ப்பு. தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லையாம் தொரைன்னு சொல்லிட்டேன்...

பொய்யில்ல மச்சான். ஒடம்பு சரியில்லாமதானே செத்துச்சு. கொஞ்சம் விட்டுப் போச்சு, அவ்வளவுதான்... மாயாண்டியையா? ஆமா, அந்த வாரமே கணக்கு முடிச்சு, வேலை இல்லேன்னு சீட்டுக் குடுத்து அனுப்பிட்டேன். பின்ன என்ன பண்றது? அந்தப் புள்ள தெனமும் எந்திரிச்சு நிக்கும். அவ எடத்துக்குப் புதுசா வந்த குடும்பத்துப் புள்ள ஒண்ணச் சேத்தாச்சு.

அத்தோட முடிஞ்சிருந்தா நான் ஏன் உன்னக் கூப்புடுறேன். எங்க தொரைக்கு எளகின மனசு. தெனமும் கேக்குறாரு, சதாசிவம், நவமணிக்கு எப்படி இருக்குன்னு. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை குடுத்தனுப்புறாரு. பினாங்குலேருந்து பிஸ்கட்டு டின்னு வாங்கிட்டு வந்தாரு... டின்னா? புள்ளைங்கதான் தின்னுச்சு. என் வீட்டுப் புள்ளைங்க... சும்மா இரு மச்சான். இப்ப என்னன்னா, அந்த நோயாளிப் புள்ளைக்குத்தான் நீதி பாடத்துல மொத பரிசுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்காரு. பொம்ம வந்திருக்கு, கண்ண மூடித் தொறக்குற பொம்ம. என் மேசமேலதான் இருக்கு.

இங்க ஒரு புள்ளையும் அந்தப் பேருக்கு எந்திரிக்க மாட்டேங்குது. கெஞ்சியும் பாத்தாச்சு, ரெண்டு போடும் போட்டாச்சு. செத்த புள்ள பேருக்கு உள்ளேன் ஐயான்னா அது வந்து கூட்டிட்டுப் போயிடுமாம். இருளாயிக்கு என்ன பயம்? சொந்தத் தங்கச்சிதானே. மொத பாடமும் தலைகீழாத் தெரியும்... தொரை கண்டுபுடிக்க மாட்டாரு. அவருக்கு நம்ம புள்ளைங்க எல்லாம் ஒரே மொகந்தான்...

வந்துட்டாளா? போன அவகிட்ட குடு. குடு மச்சான், உன்னால ஆகாது, நான் பேசிக்கிறேன்.

அலோ, இருளாயியா? நல்லாருக்கியா தாயி? ஏழாங்கட்டைக் கிராணி ஐயா பேசுறேன்... அந்தக் கொழாயக் காதுல வச்சுக்க. வாய டப்பாகிட்ட கொண்டு போ... ஆங், இப்ப கேக்குது. கையில என்ன, கத்தியா? கீழ வச்சிட்டுப் பேசு தாயி.

இன்னிக்கு ஒரு நாளைக்கு இங்க வந்துட்டுப் போறியா? பெரிய தொரைங்க வாராங்க. மொத பாடத்தச் சொல்லணும். உன்னவிட்டா அத யாரு சொல்லுவா?... ஞாபகம் இருக்கா? எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் புள்ளல்ல நீ...

உங்கப்பாவா? அதத்தான் சொல்ல வந்தேன். உங்கப்பனத் திரும்ப எடுத்துக்கிறேன். பழைய லயம், பால் வெட்ட பழைய மர நெரை... உங்கம்மா வெள்ளிக்கெழம தோறும் நடந்து வாரது எனக்குத் தெரியும் புள்ள. உன் தங்கச்சி குழிமேட்டுல வெளக்கு வைக்கத்தான் வருது. கேட்டுக் காவலுக்கு நிக்கிற ஜாகா வெரட்டுறான்ல? இனிமே வெரட்ட மாட்டான். நீங்கதான் இங்கயே இருக்கப் போறீங்களே. உங்கம்மா தெனமும் வெளக்கு வைக்கலாம்...

இன்னும் தெனமும் அழுவுதா உங்கம்மா? தெரியும் தாயி, தெரியும்...

ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம். வாத்தியார் பேரு கூப்புடுவாரு. நவமணின்னு கூப்புடும்போது நீ எந்திரிச்சு உள்ளேன் ஐயான்னு சொல்லணும். அப்புறம் பொய் சொல்லாம இருக்கிறதப் பத்தி எல்லாத்தையும் தைரியமாச் சொல்லு. அவ்வளவுதான்... ஆமா, உன் தங்கச்சி பேருதான்... அது தப்பில்ல தாயி. பெரியவங்க சொன்னா கேக்கணும், அதுவும் நீதி பாடத்துல இருக்குதானே?...

என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு... வாரேன்னியா? உங்கம்மாவுக்காக வாரியா? மகராசியா இருப்ப. எனக்கு உசுரே வந்துச்சு புள்ள. சரி, போன்லயே ஒரு தடவ சொல்லிப் பாத்துடலாமா, அங்க வந்து தடுமாறக் கூடாது பாரு...

யெஸ் சார். ஆமாங்க தொரை, டெலிபோன்ல நவமணிதான், சார். சொந்தக்காரங்க வீட்டுல இருக்கு. இப்ப சொகமாயிடுச்சு, சார். கெளம்பி வருது.

தொரை வந்து நிக்கிறாரு புள்ள, வாசப்படியில. சிரிச்சிக்கிட்டே நிக்கிறாரு. நான் பேரு கூப்புடுறேன், நீ சொல்லு, என்ன? ரெண்டே வார்த்த... நவமணி...

அலோ... சொல்லு தாயி. நீ மூச்சு விடுறது எனக்குக் கேக்குது. உங்கம்மாவ நெனச்சுக்க... நவமணி... இருளாயி, இங்க பாரு, கேளு... சரி, அழுது முடிச்சிட்டே சொல்லு. நான் இருக்கேன்... நவமணி...

யாரு, எக்ஸ்சேஞ்சா? இல்ல, பேசி முடியல, லைன எடுத்துடாதீங்க... வச்சிட்டாங்களா? இல்லீங்க, அந்தப் பக்கம் ஆள் இருக்கு. இப்பத்தானே பேசிக்கிட்டிருந்துச்சு... யெஸ் சார், இருக்கு, சார், லைன்லதான் இருக்கு... கொஞ்சம் கூச்சப்படுது, சார்...

நவமணி... அலோ... நவமணி...